காய்ந்ததாகச் சொன்ன ஓடு

மழை பெய்தால் தொகுஜி வீட்டில் கொண்டாட்டம். கூரை வேய்பவருக்கு மழைதான் விடுமுறை. அன்று அவரே முள்ளங்கியும் மீன் உருண்டையும் வேகவைத்து, பிள்ளைகள் இருவருக்கும் ஊதி ஊதி ஊட்டுவார். எங்கள் கோட்சு ஊரின் சிவப்புக் கூரைகளில் பாதி அவர் வேய்ந்தவை. என் வீட்டுக் கூரையும்தான்.

எழுபத்தொன்பது வயதில் அவர் இறந்தபோது, தகனக்கூடத்தில் அன்றைய பணி என்னுடையது. உடல் எரிந்து முடியும்வரை உறவினர்கள் காத்திருப்பு அறையில் பீர் குடித்தபடி அவரைப் பற்றிப் பேசினார்கள். மகன் நொபுயுகி மட்டும் அக்காள் கணவர் கன்ஜியையே முறைத்துக்கொண்டிருந்தான்.

கன்ஜி பீர் ஊற்ற வந்ததும் நொபுயுகி கோப்பையைக் கவிழ்த்து வைத்தான்.

"எனக்கு வேணாம். உன் கை பட்டது எதுவும் எங்க குடும்பத்துக்கு ஆகாது."

"நொபு, இன்னிக்கு ஒருநாளாவது..." என்றாள் அக்காள் ஹாருயோ.

"ஏன், அத்தான் மனசு நோகுதா? வெயில்ல வச்சா காஞ்சிரும். அவருக்குத்தான் எல்லாமே சீக்கிரம் காஞ்சிருமே!"

யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். அந்தக் குத்தல் ஊருக்கே தெரியும்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் மாமனாரிடம் வேலை செய்துகொண்டிருந்தார் கன்ஜி. ஒருநாள் காலை மழை விட்டிருந்தது. எங்கள் ஊர் ஓட்டின் மேற்பூச்சு சீக்கிரம் காய்ந்துவிடும். ஓடும் ஓடும் சேரும் இடுக்கில் தண்ணீர் நிற்கும். இடுக்கில் விரல் விட்டுப் பார்க்காமல் கூரையில் நடக்கக் கூடாது என்பது தொகுஜியின் சட்டம். முதலில் ஏறிய கன்ஜி மேலே மட்டும் தடவிவிட்டு, "காஞ்சிருச்சு மாமா, வாங்க" என்றார். தொகுஜி வழுக்கி விழுந்தார். தொடையில் இரும்புக் கம்பி வைத்தார்கள். பிறகு அவர் கூரை ஏறவே இல்லை.

மகன் ஹிரோஷிமாவிலிருந்து புத்தாண்டுக்கு மட்டும் வருவான். நாள்தோறும் மாமனாரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர் கன்ஜி.

உடல் எரிந்து முடிந்ததும் எல்லோரையும் அழைத்து, உலையிலிருந்து தட்டை இழுத்தேன். வெள்ளை எலும்புகளுக்கு நடுவே கறுத்த கம்பி கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"நீ குடுத்தது அப்படியே இருக்கு பாரு. நெருப்புக்கே கரையல" என்றான் நொபுயுகி.

எங்கள் வழக்கப்படி உறவினர்கள் இருவர் இருவராக நின்று, ஒரே எலும்பை இரண்டு பேரின் குச்சிகளாலும் பிடித்துக் கலயத்தில் இட வேண்டும். ஹாருயோவின் அருகில் கன்ஜி வந்தார். நொபுயுகி குறுக்கே நின்றான்.

"அவன் எங்கப்பா எலும்பைத் தொட்டா நான் வெளிய போயிருவேன்."

"நான் வேற எதுவும் கேக்கல நொபு. ஒரே ஒரு எலும்பு" என்றார் கன்ஜி.

"விழுந்தன்னிக்கே நிறைய ஒடச்சிட்டியே, போதாதா?"

கன்ஜி சுவரோரம் போய் நின்றார். அக்காளோடு தம்பிதான் எடுத்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

கடைசியாகக் கழுத்தெலும்பு. புத்தர் அமர்ந்திருப்பதுபோல் இருக்கும். உடையாமல் வைக்க வேண்டும். அது மனைவிக்கும் மகனுக்கும் உரியது. தொகுஜியின் மனைவி தொமி அம்மாள் குச்சிகளை எடுத்தார். பிறகு சுவரோரம் நடந்துபோய்க் கன்ஜியின் கையில் வைத்தார்.

"என் கை நடுங்குதுப்பா. எனக்காக நீ எடு."

"அம்மா!"

"கத்தாத. உங்கப்பா கழுத்தைப் பதினேழு வருஷம் தேச்சுவிட்ட கை அது."

நொபுயுகி யாருக்கும் காத்திராமல் தன் குச்சிகளால் மட்டும் எலும்பைத் தூக்கினான். பாதி வழியில் அது நழுவியது. கன்ஜியின் குச்சிகள் அடியில் வந்து தாங்கின. இருவரும் அசையவில்லை. ஒருவர் விலகினால் புத்தர் உடைவார்.

"மெதுவா," என்றான் நொபுயுகி பல்லைக் கடித்தபடி. "உன் பக்கம் கொஞ்சம் எறக்கு."

எலும்பு முழுசாகக் கலயத்துக்குள் போனது. நான் மனதுக்குள் கைகூப்பினேன்.

வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது. கலயத்தோடு முன்னே இறங்கிய நொபுயுகி கடைசிப் படியில் நின்றான். பின்னால் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தவர் கன்ஜி. அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"படி ஈரமா இருக்கு. பாத்து வாங்க, ரெண்டு பேரும்."