புகையிலைப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கம்

இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயத்து வரிசைவீட்டு வாசலில் உட்கார்ந்து, எழுத்தறியாத தாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் அன்னக்கிளி. புகையிலையின் கேட்டை இளம்பிள்ளைகளுக்குச் சொல்வதற்கென்றே அச்சடித்த சின்னப் புத்தகம். பதுளையிலிருந்து குதிரையில் வந்த பாதிரியார், அவளுக்குப் பதினைந்து வயது என்று கேட்டுக்கொண்டு பரிசாகக் கொடுத்தது. வயதைக் கேட்ட மனுஷனுக்கு, வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அப்பன் இருளாண்டி வாய்ப்புண்ணில் செத்து மூன்று மாதம். வலி மரத்துப்போகட்டும் என்று, தினமும் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகுமுன் அந்தப் புண்ணில் புகையிலை வைத்து அடக்கிவிட்டவள் தாய் வீராயி. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அதுதான்.

ஒன்பதாம் பக்கத்தில் அன்னக்கிளியின் குரல் நின்றது. ஆறாத வாய்ப்புண்ணில் புகையிலை வைப்பது சாவைக் கையால் ஊட்டுவதாகும் என்று போட்டிருந்தது.

“ஏன்டி நிறுத்திட்ட? வாய்ப்புண்ணுக்கு என்ன போட்டிருக்கு?”

அன்னக்கிளி தாயின் விரல்களைப் பார்த்தாள். கறை ஏறிய அந்த விரல்களைப் பார்த்த பிறகு உண்மை வாயில் வரவில்லை.

“புகையில வச்சா வலி அடங்குமாம், அம்மா. நீ செஞ்சது சரிதானாம்.”

நெஞ்சிலிருந்த பாரத்தை இறக்கியவள்போல் வீராயி பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மடியை அவிழ்த்து ஒரு கிள்ளுப் புகையிலை எடுத்தாள்.

“எனக்கும் கடவாய்ல ஒன்னு வந்திருக்கு. ரெண்டு மாசமா ஆற மாட்டேங்குது. நீ பயந்துருவேன்னுதான் சொல்லல,” என்றபடி அதைக் கன்னத்துக்குள் அழுத்தி வைத்துக்கொண்டாள். “சரி, மேல படி.”