வருஷத்துக்குப் பேசிய சம்பளம்

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளிமலையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறிக் களமருதூரில் வந்து இறங்கிய பிரின்சியை, வீடு போய்ச் சேர்வதற்குள் டீக்கடையிலேயே கடைக்காரர் பிச்சைமுத்து மடக்கிவிட்டார்.

"இன்னா பிரின்சி, உன் தங்கச்சிக்கு மாசம் முப்பத்தி நாலு லட்சமாமே! மொத சம்பளத்துல மாதா கோயிலுக்குப் புதுக் கொடிமரம் வெச்சித் தரன்னு உங்கப்பன் சொல்லிட்டாரு. நாளைக்குப் பூசையில சாமியாரு அறிவிக்கப் போறாராம்."

பிரின்சிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தங்கை லிடியா இங்கிலாந்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பிரின்சியும் கணக்கு டீச்சர்தான். வெள்ளிமலைப் பள்ளியில் மூன்று வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிறாள். இந்த உலகத்தில் எந்தக் கணக்கு டீச்சருக்கு மாசம் முப்பத்து நாலு லட்சம் கொடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் அப்பா வியாகுலம் காத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குப் பத்து நாளாகக் கால் தரையில் பாவவில்லை. "எவ்ளோம்மா சம்பளம்?" என்று போனில் கேட்டதற்கு லிடியா, "முப்பதாயிரம் பவுண்டுப்பா" என்றிருக்கிறாள். பிச்சைமுத்து அதை ரூபாயாக்கிச் சொன்னதும் டீக்கடையே வாயைப் பிளந்திருக்கிறது. கலெக்டருக்குக்கூட அவ்வளவு கிடையாது என்று யாரோ சொல்ல, வியாகுலம் கலெக்டருக்காக மனப்பூர்வமாகப் பரிதாபப்பட்டிருக்கிறார்.

போதாக்குறைக்கு, எந்தெந்த நாட்டில் புதிதாகச் சேரும் வாத்தியாருக்கு என்ன சம்பளம் என்று பேப்பரில் வேறு வந்து தொலைத்திருந்தது. அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"இங்க பாரு பிரின்சி. ஜெர்மனில இங்கிலாந்த விட ஜாஸ்தி. லக்சம்பர்க்குன்னு ஒண்ணு இருக்குது, அதுதான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி. ரெண்டு வருஷம் கழிச்சி நம்ம பாப்பா அங்க பூடட்டும்."

லக்சம்பர்க் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் மகளை அங்கே அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. பிரின்சி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். எல்லாம் வருஷக் கணக்கு என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. சந்தோஷத்தில் இருக்கிறவன் எங்கே அடியில் இருப்பதைப் படிக்கிறான்?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிரின்சிக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஊரெல்லாம் லிடியா, லிடியா என்கிற பேச்சு ஒரு வகுத்தலில் அடங்கிவிடும். அப்படி நினைத்த மறுகணமே தன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. தோட்டத்துப் பக்கம் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அப்பா கொடிமரம் கொடிமரம்னு சொல்லிக்கினே இருக்காரு. அவரு சந்தோசத்தப் பாத்து என்னால வாயத் தொறக்க முடியல" என்றாள் லிடியா. "கைக்கு வந்தது ரெண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு. வாடகையும் அட்வான்ஸும் குடுத்ததுமே பாதிக்கு மேல பூடுச்சி. கொடிமரத்துக்குன்னு பேங்க்ல லோன் கேட்டிருக்கறேன். திங்கக்கெழம கையெழுத்து போடணும். நீ அப்பா கிட்ட மட்டும் சொல்லிடாதக்கா."

"சாப்ட்டியா?"

"ரொட்டி இருக்குது."

"நேத்து?"

"நேத்தும் ரொட்டிதான்." கொஞ்சம் நிறுத்தி, "ஹீட்டர் போட்டா பில்லு ஏறுதுக்கா. கோட்ட போட்டுக்கினே தூங்கறேன்" என்றாள்.

சொல்லாதே என்கிறாள் தங்கை. சொல்லாவிட்டால் நாளைக்குச் சாமியார் ஊருக்கே சொல்லிவிடுவார், அவள் கடன்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பிரின்சி உள்ளே வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"ப்பா, ஏரிக்கரை நெலத்துக்குக் குத்தகை எப்பிடிப் பேசின?"

"எப்பிடின்னா? வருஷத்துக்குதான்."

"மாசத்துக்குப் பேசலியா?"

"குத்தகைய எவனாவது மாசத்துக்குப் பேசுவானா?"

"அந்த ஊர்ல சம்பளத்தையே அப்பிடித்தாம்பா பேசறாங்க. வருஷத்துக்கு."

காலமெல்லாம் குத்தகை நிலத்தில் பாடுபட்ட மனுஷனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வியாகுலத்தின் உதடுகள் அசைந்தன. பன்னிரண்டால் வகுக்கிறார் என்று தெரிந்தது. சத்தம் போடுவார், அவமானத்தில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார் என்று பிரின்சி பயந்துகொண்டிருந்தாள்.

"செலவு போவ கைல இன்னா நிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

வாடகை, வரி, பஸ், ரொட்டி, கோட்டு எல்லாவற்றையும் சொன்னாள். லோனையும் சொன்னாள். வியாகுலம் எழுந்து சட்டையை மாட்டினார்.

"காலைல சொல்லிக்கலாமே" என்றாள் அம்மா செபஸ்தியம்மாள்.

"சாமியாரு வாயில வந்துட்டா அந்தப் புள்ள கையெழுத்து போட்டுடும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

டீக்கடையைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகவேண்டும். அங்கே என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் லிடியாவைக் கூப்பிட்டார்.

"பாப்பா, சாமியார்ட்ட பேசிட்டேன். கொடிமரம் மெதுவா வரட்டும். உன் வயித்தக் காயப் போட்டு மாதாவுக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல. அந்த லோன வாணாம்னு சொல்லிடு. மொதல்ல எழுந்து ஹீட்டரப் போடு. போட்டியா? சத்தம் வருதா?"

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் வந்தது. போட்டுவிட்டதாகச் சொல்லும்வரை அவர் போனை வைக்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். நாலு வாய் சாப்பிட்ட பிறகு வியாகுலம் மூத்த மகளைப் பார்த்தார்.

"பிரின்சி, மலைல உனக்கு எவ்ளோ குடுக்கறாங்க?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அதைக் கேட்டதே இல்லை. கேட்கமாட்டாரா என்று ஏங்கி ஏங்கி, அவளுக்கு அந்த ஏக்கமே பழகிப் போயிருந்தது.

"பாஞ்சாயிரம்பா."

"வருஷத்துக்கா?"

பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது. "மாசத்துக்குதாம்பா."

"அதுலதான் ரூம் வாடகையும் குடுத்து, அம்மாவுக்கு மாத்திரையும் வாங்கியாறியா?"

அவள் தலையாட்டினாள். வியாகுலத்தின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"லக்சம்பர்க்ல எவ்ளோன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குது" என்றார். "எம் மவளுக்கு எவ்ளோன்னு தெரியல."

செபஸ்தியம்மாள் அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

திங்கட்கிழமை விடியற்காலை வியாகுலம் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். வழியனுப்பத்தான் வருகிறார் என்று பிரின்சி நினைத்தாள். பஸ் வந்ததும் அவரும் ஏறினார். கள்ளக்குறிச்சியில் இறங்கியதும், "நீ திரும்பிப் போப்பா" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் வெள்ளிமலை பஸ்ஸிலும் முன்னால் ஏறி, அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்தார்.

"எங்கப்பா வர?"

"உன் பள்ளிக்கூடத்தப் பாக்கணும். பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்."

கண்டக்டர் வந்தார். வியாகுலம் நிமிர்ந்து உட்கார்ந்து, "வெள்ளிமலை ரெண்டு" என்றார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "இது வெள்ளிமலைல கணக்கு டீச்சரு."

"டீச்சர எனக்குத் தெரியாதாங்க? திங்கக்கெழம தவறாம இதே பஸ்ஸுதான்" என்றார் கண்டக்டர். "நீங்க யாருங்க?"

"டீச்சரோட அப்பன்" என்றார் வியாகுலம்.