ஊரின் வெளியுறவு அமைச்சர்

வளைகுடா விவகாரங்களைக் கவனிக்க எங்கள் ஊர் ஜமாஅத்தில் ஒருவர் உண்டு. சம்பளம் வராதவர், பாஸ்போர்ட் பிடுங்கப்பட்டவர், அங்கேயே மௌத்தாகி உடல் வந்து சேராதவர், எல்லாருக்காகவும் அவர்தான் போன் போட வேண்டும். ஊரில் கிண்டலாக அவரை வெளியுறவு அமைச்சர் என்போம். இதுவரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் மகனோடு சென்னைக்குக் குடிபோய்விட்டார். அந்த இடத்துக்கு ஹாஜா மைதீனைப் போடலாமா என்று மூன்று வெள்ளிக்கிழமைகளாகப் பேசுகிறார்கள்.

அவர் பன்னிரண்டு வருஷம் ஜமாஅத் தலைவராக இருந்து, போன தேர்தலில் தோற்றவர். சவூதியில் இருந்தவர், அரபி பேச வரும் என்றார்கள் சிலர். அதட்டிப் பழகிய வாய், இது கெஞ்சுகிற வேலை, சரிப்படாது என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், இப்போது சிக்கியிருப்பது ஜாபிர் ஒருவன்தான், அவன் பெண்டாட்டியே சொல்லட்டும் என்று முடித்தார்கள். அந்தப் பெண்டாட்டி நான். அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன் பதில் வேண்டும் என்று கொழுந்தன் அப்சர் சொல்லிவிட்டுப் போனான்.

என் கணவரின் பாஸ்போர்ட் சவூதியில், தம்மாமில் அவருடைய முதலாளியிடம் இருக்கிறது. பதினொரு மாதமாக, அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்கிறார். நானும் சரி என்கிறேன். அழக்கூடத் தெம்பில்லை.

இருந்தும் வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். எங்கள் நிக்காஹுக்கு ஜமாஅத் கடிதம் தராமல், அப்போது தலைவராக இருந்த இந்த மனுஷர் இரண்டு மாதம் இழுத்தடித்தார். என் மாமனார் எதிரணிக்காரர்களோடு டீ குடித்ததுதான் குற்றம். கடிதம் கேட்டுப் போனவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜா மைதீனே வந்தார். வயலில் அறுவடை மிஷினுக்குக் காத்துக் கிடந்த கோலம், கைலியெல்லாம் சேறு. ஆதரவு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நான் சரிப்பட மாட்டேன்னு சொல்லிடும்மா" என்றார்.

தலைவராக இருந்தபோது, ரியாத்தில் மாட்டிய நம்மூர் ஆளுக்காக அவனுடைய முதலாளிக்குப் போன் போட்டாராம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுகிற குரலிலேயே பேசிவிட்டாராம். மறுநாள் அந்த முதலாளி, வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த ஆளுக்கு ஆறு மாதம் ஜெயில். அது இவர் போட்ட போனால்தான் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

"திரும்பி வந்து எனக்கே சலாம் சொன்னான்மா. இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது."

என் கையில் என்ன இருக்கிறது என்றேன். மறுபடி கேட்டார். டீ போடப் போனேன். திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தார், வேறு விதமாகக் கேட்டார். மாமனாரை நிற்க வைத்தது தப்பு என்றார். ஒன்பது வருஷமாக நான் கேட்க விரும்பிய வார்த்தை. கேட்டபோது சந்தோஷம் வரவில்லை, அசதிதான் வந்தது. அவர் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. முகம் கொடுக்காமல் இருந்து பார்த்தேன். அவர் போகவும் இல்லை.

அப்சர் வந்து என் பதிலைக் கேட்டான். ஹாஜா மாமாவே அங்கே பேசட்டும் என்றேன்.

ஹாஜா மைதீன் என்னையே பார்த்தார். "இவ்வளவு சொல்லியும் ஏம்மா?"

"இப்ப எங்கிட்ட கேட்டீங்கல்ல மாமா, இதே மாதிரி அந்த முதலாளிகிட்டயும் கேளுங்க."