அசையாமல் நின்ற சிட்னி அம்மா

வரதராஜா சூப்பர் எட்டுக் கமரா வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமையே விமலாதேவி கூறைச்சேலையை எடுத்துக் கட்டிவிட்டாள். பின்னே, படம் யாழ்ப்பாணம் போகிறதே! அங்கே கொக்குவிலில், வரதராஜாவின் அக்கா இரஞ்சிதத்தின் வீட்டில், அவர்களுடைய ஒரே மகள் வதனா இருக்கிறாள்.

எழுபத்து நாலாம் ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று பேருமாகச் சிட்னிக்குப் புறப்பட நின்றபோது, பிள்ளையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ நிழல் தெரிகிறது என்று விசா மறுத்து அவளை மட்டும் நிறுத்திவிட்டார்கள். வரதராஜாவுக்குக் கிடைத்திருந்த வேலையோ காத்திருக்காது. "ஆறு மாசம்தானே, நான் பாக்கிறன், நீங்கள் போங்கோ" என்றாள் அக்கா. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தார்கள். ஆறு மாதம் இழுபட்டு இழுபட்டு இரண்டு வருடத்தைத் தொடப் பார்த்தது. இப்போது நிழல் மறைந்து, பயணம் சரிவரும் போலிருக்கிற நேரத்தில் அக்காவின் கடிதத்தில் ஒரு வரி: "வதனா என்னைத்தான் அம்மா எண்டு கூப்பிடுறாள். கோவிக்காதை விமலா."

கோபமெல்லாம் வரவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தது, அவ்வளவுதான். பிள்ளை வந்து இறங்கும்போது தன்னை யாரோ என்று பார்த்துவிடக் கூடாது. அதற்குத்தான் கமரா.

ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டு வாசலில் ஜக்கரண்டா மரம் ஊதா ஊதாவாகப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கார் பின்னால் தெரிகிற மாதிரி இடம் பார்த்தார்கள். தங்களுடைய கார் என்று அவர்கள் சொல்லப்போவதில்லை. ஊரார் அப்படி நினைத்தால் அது ஊராரின் பாடு. வரதராஜா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "விமலா, அசையாமல் நில்லும்" என்றான்.

அவள் அதுவரை கமராவுக்கு முன் நின்றதெல்லாம் ஸ்ரூடியோவில். அங்கே அசைந்தால் படம் பழுது. ஆகவே படச்சுருள் ஓடி முடிந்த மூன்றேகால் நிமிடமும் இமை கொட்டக்கூட யோசித்துக்கொண்டு நின்றாள். இது ஓடுகிற படம் என்று எஞ்சினியருக்குப் படித்த மனிதனுக்காவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை.

படம் கழுவி வந்ததும், ஒரு மத்தியானம் திரைச்சீலைகளை இழுத்துவிட்டுச் சுவரில் ஓட்டிப் பார்த்தார்கள். அறை முழுவதும் ஊதா வெளிச்சம் மெல்ல நிரம்பியது. சுவரில் அவள் நின்றாள். பூ மட்டும் விழுந்தது, ஒவ்வொன்றாக, தலையில், தோளில், காலடியில். பார்க்கப் பார்க்க விமலாவுக்குத் தான் எங்கோ மிதப்பது போல இருந்தது. இந்தப் பெண் யார்? பிஸ்கட் தொழிற்சாலையில் வெள்ளைத் தொப்பியோடு நிற்கிறவள் இல்லை. கொக்குவிலில் இருந்தவளும் இல்லை. ஆனால் வடிவாகத்தான் இருந்தாள். அனுப்பிவிட்டார்கள்.

பதில் வர ஐந்து கிழமை சென்றது. "ஸ்ரூடியோக்காரரிட்டை புரொஜெக்டர் இரவல் வாங்கிப் போட்டனாங்கள்" என்று அக்கா எழுதியிருந்தாள். "வதனா சத்தம் போடாமல் பாத்துக்கொண்டிருந்தாள். முடிய என்னட்டைக் கேட்டாள், 'சிட்னி அம்மா செத்துப்போனாவோ? ஏன் அவவுக்குப் பூப் போடுறாங்கள்?' எண்டு. எங்கடை வீட்டுச் சுவரிலை அசையாமல் நிக்கிற ஆக்களெல்லாம் மாலை போட்ட ஆக்கள்தானே. பிள்ளையிலை பிழையில்லை."

விமலா கடிதத்தோடு குசினிக் கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சீறிவிட்டு எழுந்தாள்.

"இஞ்சாருங்கோ, கமராவை எடுங்கோ."

"சீலை மாத்தேல்லையே?"

"சீலையும் மண்ணாங்கட்டியும்! எடுங்கோ எண்டுறன்."

வெளுத்துப்போன வீட்டுச் சேலை, அதற்கு மேல் அவனுடைய பழைய சட்டை, காலில் ரப்பர்ச் செருப்பு. அந்தக் கோலத்திலேயே புட்டுக்கு மா குழைத்தாள். நீராவி எழுந்து யன்னல் கண்ணாடியை மூடியது. அதற்குள் அவள் மறைந்து மறைந்து வந்தாள். தொழிற்சாலைத் தொப்பியைப் போட்டுக் காட்டினாள். பின்வளவில் தூறல் தொடங்க, ஓடிப்போய் உடுப்புகளை வழித்தெடுத்தாள். கம்பத்தில் குடைபோல விரிந்து சுழலும் வெறுமையான சுற்றுக்கொடியைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, அதைப் பிடித்துக்கொண்டு தானும் சுற்றினாள். முந்தானை பறந்தது, மழை பறந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. வரதராஜா அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினான். இவள் இப்படிச் சிரிப்பாள் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

அந்தப் படமும் போய்ச் சேர, அக்காவின் அடுத்த கடிதம் இரண்டே வரி. "புரொஜெக்டர் திரும்பத் திரும்பக் கேக்கிறதிலை ஸ்ரூடியோக்காரர் எங்களைக் கண்டால் இப்ப ஒளிக்கிறார். உன்ரை மகள் முத்தத்து மாமரத்தைப் பிடிச்சுக்கொண்டு சுத்தோ சுத்தெண்டு சுத்துறாள்."

அடுத்து வந்த வைகாசியில், சிட்னிக்கு வந்த ஊர்க்கார வேதவல்லி அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு வதனா விமானத்தால் இறங்கினாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் விமலா குதிக்காலில் எம்பி எம்பிப் பார்த்தாள். பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. சட்டென்று அன்ரியின் கையை உதறியது. ஓடி வந்தது, நேரே அவளிடம், வேறு ஒருவரிடமும் இல்லை, அவளிடம்!

"வாங்கோ என்ரை குஞ்சு" என்றாள் விமலா.

ஓடி வந்த பிள்ளை இரண்டடி தள்ளி அப்படியே நின்றுவிட்டது. அம்மாவின் வாயையே பார்த்தது. சுவரில் எத்தனை தரம் பார்த்த அம்மா! அந்தப் படத்தில் ஒரு சத்தமும் கிடையாது.

"அம்மா, உங்களுக்குக் கதைக்கத் தெரியுமோ?"

விமலா விமான நிலையத்துத் தரையிலேயே முழங்கால் குத்தி இருந்தாள். இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த கதையில் ஒரு சொல்தான் வந்தது.

"ஓம்" என்றாள்.

வதனா கிட்ட வந்து அவளுடைய உதட்டில் விரலை வைத்தாள்.

"இன்னொருக்காக் கதையுங்கோ."