எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது

வக்கீல் டயானாவிடம் குமாஸ்தாவாக இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டேன். கட்சிக்காரர்களுக்கு நான் சொல்லும் உபதேசம் ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். திருவாதவூர் மலையம்மாளுக்கு அது ஏறவே இல்லை.

நாற்று நடும் வேலைக்குப் போகிறவர். 2022 சித்திரையில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அன்றிலிருந்து வயிற்றுவலி. போகும்போதெல்லாம், "உள்ள புண்ணு ஆறுதும்மா" என்று அதே டாக்டர் மாத்திரை எழுதி அனுப்பினார். மூன்று வருஷம் கழித்து வேறிடத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது, ரத்தம் ஒற்றுகிற துணியை உள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். பாவிகள்!

நுகர்வோர் ஆணையத்தில் உடனே மனுப் போட்டோம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பது சட்டம். எந்த நாளிலிருந்து? கத்தி வைத்த நாளிலிருந்து என்றால் வழக்கு அன்றே குப்பைக்குப் போகும். காயம் தெரியவந்த நாளிலிருந்து என்றால் பிழைக்கும். டயானா பழைய தீர்ப்புகளை அடுக்கி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வக்கீல் பெனடிக்ட் அவற்றைத் தொடவே இல்லை. நேராக மலையம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"வலி எப்பம்மா ஆரம்பிச்சது?"

"ஆபரேசன் பண்ண வருசமே சார். அந்த ஆடியில வயித்து மேல மாவிளக்கு ஏத்துனேன்."

வயிற்றுவலிக்காரர்கள் அம்மன் கோயிலில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் மாவிளக்கு ஏற்றுவது எங்கள் பக்கத்து வேண்டுதல். அதைக் கேட்டாரா யாராவது? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான் என்று தலையில் கைவைத்தேன்.

பெனடிக்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "2022 ஆடியிலயே தெரிஞ்சிருக்கு. அதுலருந்து எண்ணுனாலும் கெடு தாண்டிருச்சுங்கய்யா" என்றார் ஆணையத் தலைவரிடம்.

மலையம்மாள் அவரை நேராகப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"வலி தெரியும் சார். துணி தெரியாது. வலிக்குதுன்னுதான் ஒங்க ஆஸ்பத்திரிக்கே ஒம்போது தடவ வந்தேன். துணின்னு தெரிஞ்சா ஆத்தாகிட்டயா போயிருப்பேன்? இங்கதான வந்திருப்பேன்."

எழுதிக்கொண்டிருந்த தலைவர் நிமிர்ந்தார். "அந்த ஒம்பது தடவையில ஒரு தடவையாச்சும் ஸ்கேன் எடுக்கச் சொன்னாரா உங்க டாக்டர்?" என்று பெனடிக்டைக் கேட்டார். பெனடிக்ட் வழக்குக் கட்டைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. ஸ்கேனில் துணி தெரிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், மனு செல்லும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கெட்டிக்கார வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் சட்டத்தை இம்புட்டுச் சுருக்கமாகச் சொன்னதில்லை. வலியை மறைத்திருந்தால் அந்த மருந்துச் சீட்டுகளே அவரைப் பொய்யராக்கியிருக்கும். என் மரமண்டைக்கு அது எட்டவில்லை.

வராந்தாவில் மலையம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, அப்ப அந்த டாக்டரு இனிமே நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லணுமில்ல?"

"சொல்லியே ஆகணும் தாயி."

வழக்குப் போட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட அழாதவர், அப்போதுதான் அழுதார்.