சந்திரம்மாவின் கிண்ணம்

பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் எவர்சில்வர் கிண்ணத்தைச் சம்சாத் பேகம் ஐப்பசியிலிருந்து திருப்பிக் கொடுக்கவே இல்லை. அலமாரியில் கண்ணுக்கு நேராகக் கவிழ்த்து வைத்திருந்தாள். மறந்துவிடக் கூடாதல்லவா.

ஐப்பசியில் சந்திரம்மா வீட்டில் வஞ்சிரக் கருவாடு காணாமல் போனது. பூனைதான் தின்றது என்று அவளே முடிவு கட்டி, மதில்மேல் படுத்திருந்த பீங்கான் என்ற சம்சாத்தின் வெள்ளைப் பூனைமேல் கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியை ஊற்றினாள். முதுகுத் தோல் உரிந்து தொங்கியது. சம்சாத்தின் புருஷன் ஹயாத் பாஷாவுக்குப் பெங்களூரில் துணி வியாபாரம். வருஷத்தில் இரண்டு தடவை கோவளம் வருவார். பிள்ளை குட்டி கிடையாது. அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசுகிற ஜீவன் பீங்கான் ஒன்றுதான். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி, நாற்பது நாள் மடியில் போட்டுப் பிழைக்க வைத்தாள்.

கஞ்சி ஊற்றிய நாலாம் நாளே கருவாடு பரண்மேல் வேறொரு பானையில் கிடைத்தது. வைத்தவளே மறந்திருக்கிறாள். அதைக் குழம்பு வைத்து அந்தக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள் சந்திரம்மா. தப்பு பண்ணிவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை. குழம்பைச் சாக்கடையில் கொட்டினாள் சம்சாத். கிண்ணத்தை வைத்துக்கொண்டாள்.

எழுபத்து நாலு பிறந்த முதல் வாரத்திலேயே பக்ரீத் வந்தது. குர்பானிக் கறியில் அக்கம்பக்கத்துக்குப் பங்கு உண்டு. சந்திரம்மாவின் பங்கில் சம்சாத் குறை வைக்கவில்லை. தொடைக்கறியாகவே பார்த்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே சந்திரம்மா மதிலோரம் வந்து நின்றாள்.

"யக்கா, இத்த உப்புக்கண்டம் போட்டு வெக்கலாம்னு கீறேன். காணும் பொங்கலுக்கு எங்க சம்பந்தியம்மா வராங்க. எம் பொண்ணு பார்வதத்துக்குத் தலைப் பொங்கல் ஆச்சே. போன வருசம் நீ குடுத்த உப்புக்கண்டத்தப் பத்தி அந்தம்மா கைல அவ்ளோ பீத்திகினேன். 'உன் வூட்ல இன்னா ருசி கீதுன்னு வந்து பாக்கறேன்'னு சொல்லிக்கீது."

"அதுக்கென்னாடி. விரல் நீளத்துக்கு அரிஞ்சிக்கோ. உப்பு, மஞ்சள், மொளகாத்தூள், இஞ்சி பூண்டு போட்டுப் பிசிறி ஒரு ராத்திரி ஊற வை. கோணி ஊசில கோத்துக் கொடில தொங்கவுடு."

எல்லாம் சரியாகவே சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கடற்கரையில் சாயங்காலம் ஆனதும் சரத்தை வீட்டுக்குள் எடுத்து, அடுப்புக்கு மேலே கட்ட வேண்டும். கடல்காற்றும் மார்கழிப் பனியும் பட்டால் உப்பு கசிந்து கறி உள்ளுக்குள் நசநசத்துப் போகும். வெளியே கல் மாதிரி இருக்கும், உள்ளே அழுகும். கோவளத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சந்திரம்மா கடலே இல்லாத கருங்குழிக்காரி.

மூன்றாம் நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது. "இன்னாக்கா, நீ மட்டும் டெய்லி சாயங்காலம் உள்ள எடுத்துக்கினு போறே? எங்க கருங்குழில காயற வரைக்கும் கொடியிலயேதான் கெடக்கும்."

சம்சாத் தன் கறிச்சரத்தை உருவிக்கொண்டே சொன்னாள்: "எங்க வூட்ல பூனை கீதே. உனக்கு இன்னா கவலை?"

சந்திரம்மா சிரித்துவிட்டுப் போனாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் சரம் பனியில் நனைந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்சாத் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள்.

காணும் பொங்கலன்று நடுப்பகல். பக்கத்து வீட்டில் இலை போட்டாயிற்று. சம்பந்தியம்மாளின் பேச்சு மதில் தாண்டிக் கேட்டது. சற்று நேரத்தில் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்திரம்மா பின்வாசல் வழியாக ஓடிவந்தாள்.

"யக்கா, டின்னத் தொறந்தா புழு நெளியுதுக்கா! வூடே நாறுது. எலைல ஒக்காந்துட்டாங்க. உன்னுது ஒரு தட்டு குடுக்கா. என் மானமே போவுது. பார்வதம் அந்த வூட்ல வாழணும்."

சம்சாத்தின் முதுகுக்குப் பின்னால் டின் இருந்தது. வாய்வரைக்கும் உப்புக்கண்டம். டின் மேல் பீங்கான் உட்கார்ந்திருந்தது.

"எங்கடி கீது? பூனை தின்னுட்சி."

"அம்மாந்தையுமா?"

"அம்மாந்தையும்தான்."

சந்திரம்மா பூனையைப் பார்த்தாள். வெள்ளை மயிருக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வழுக்கையாகக் கிடந்த முதுகைப் பார்த்தாள்.

"யக்கா... அன்னிக்கு நான்..."

"இந்தா உன் கிண்ணம்" என்றாள் சம்சாத். "ஐப்பசிலேர்ந்து இங்கயே கீது. எடுத்துக்கினு போ."

வெறுங்கிண்ணத்தோடு அவள் மதிலைத் தாண்டும்வரை சம்சாத் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி, ஜன்னலை விரியத் திறந்தாள். சட்டியில் எண்ணெய் ஊற்றினாள். ஒரு கை நிறைய உப்புக்கண்டத்தை அள்ளிப் போட்டாள். வாசனை பக்கத்து வீட்டு இலைக்கே போயிருக்கும்.

"பக்கத்து வூட்ல இன்னாம்மா வாசனை!" சம்பந்தியம்மாளின் குரல். "நீ அங்கயே எலை போட்ருக்கலாம். உப்புக்கண்டம்னு சொல்லி ரசம் ஊத்துறே?"

சம்சாத்துக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. இரண்டு மாதமாகக் காத்திருந்த ஜில்.

நன்றாகச் சிவந்த துண்டு ஒன்றை எடுத்து ஊதி ஆற்றினாள். "வாடா ராஜா, உனக்குத்தான் மொதல்ல" என்று திரும்பினாள்.

டின் மேல் பீங்கான் இல்லை. சட்டி சுர்ரென்ற சத்தத்துக்கே அது பாய்ந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது. சம்சாத் குனிந்து கூப்பிட்டாள். மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. கறியை நீட்டிய கையைக் கஞ்சி ஊற்றிய கையாகவே பார்த்துச் சீறியது.