கழனித் தண்ணீர் வாளி

சிட்னியின் தெற்கு ஓரத்தில், காட்டை ஒட்டிய ஹீத்கோட்டில் குடியேறி மூன்று வருஷமாகியும், ஈஸ்வரமூர்த்தியின் வாசற்படியை அந்தத் தெருவில் ஒருவரும் மிதித்ததில்லை. அந்தக் குறை அவருக்கு நிறையவே இருந்தது. 1977-இல் மான்கள் வந்து தெருவின் ரோஜாச் செடிகளை மொட்டையடிக்க ஆரம்பித்தன. கணக்கெடுக்கும் வேலையைத் தெருக்காரர்கள் கூடி இவர் தலையில் கட்டியதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"எத்தனை மான், எந்தப் பக்கமா வருதுன்னு எழுதிக் குடுங்க. சுடுறதுக்கு ஆள் கேட்டு கவுன்சிலுக்கு மனுப் போட்டுடலாம்," என்றாள் பக்கத்து வீட்டு பேட்ஸ் அம்மாள். அதிக ரோஜாக்களைப் பறிகொடுத்தவள் அவள்தான்.

இன்ஜினியர் இல்லையா, கட்டம் போட்ட தாளில் தெருவையே வரைந்துவிட்டார். பத்து நாள் மாலையில் தெருமுனையில் நின்று, மான்கள் போகிற வழியையெல்லாம் சிவப்புக் கோடாக இழுத்தார். பதினோராம் நாள் தாளை எடுத்துப் பார்த்தார். அத்தனை கோடும் அவர் வீட்டுக் கொல்லை வேலியில் போய் முட்டின.

கொல்லைக்கு ஓடினார். வேலியடியில் ஒரு வாளி. அரிசி கழுவிய தண்ணீர், கேரட் தோல், மேலாக ஒரு கை உப்பு.

"கிரிஜா! என்ன இது?" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"கழனித் தண்ணிங்க. ஊர்ல மாட்டுக்கு வெப்போமில்ல? இங்க சாக்கடையில ஊத்த மனசு வரல. பாவம், அதுங்க குடிச்சுட்டுப் போகட்டுமே."

"போறப்ப ரோஜாவையும் தின்னுட்டுல்ல போகுது!"

தாளைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இவர் பெயர் கெடாது. துப்பாக்கி வரும், மான் சாகும். உண்மையைச் சொன்னாலோ, இனி இந்தத் தெருவில் முகம் கொடுத்துப் பேச ஆளிருக்காது. இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் மனு கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. இவர் முறை வந்ததும் பேனாவை மூடிவிட்டு எழுந்தார். "விருந்து வெச்சதே நாங்கதான்," என்று தாளை விரித்துக் காட்டினார்.

பேட்ஸ் அம்மாள் மனுவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "வாளியை எடுத்துடுங்க. ஒரு மாசம் பார்ப்போம்," என்றாள்.

வாளி வீட்டுக்குள் வந்தது. முதலில் இரண்டு மான் வந்து வேலியை மோந்துவிட்டுப் போயின. அப்புறம் அதுவும் இல்லை. கிரிஜாவுக்கு மாலையில் கை ஓடவில்லை. இவரோ தெருவில் யாராவது எதிரே வந்தால் கடிதப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் அழைப்புமணி அடித்தது. வாசலில் பேட்ஸ் அம்மாள், கையில் காலி வாளி.

"அந்த அரிசித் தண்ணி ரோஜாவுக்கு நல்லதாமே? உங்க மனைவி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாங்க."

"உப்புப் போடாமத் தர்றேன்!" என்று உள்ளேயிருந்து கிரிஜா குரல் கொடுத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி கதவை விரியத் திறந்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்க," என்று, மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்ததை இரண்டு தடவையாகச் சொன்னார். பேட்ஸ் அம்மாள் செருப்பைத் துடைத்துவிட்டுப் படியேறி உள்ளே வந்தாள்.